மூன்று அங்குலம்

போன வாரம் பாதி மூச்சில் விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று நிறையப் பேர் என்மேல் கோபித்துக்கொண்டீர்கள். மெஷினின் வடிகட்டியில் இரத்தம் கட்டிக்கொண்டு, மணி அலறி, டாக்டர்கள் ஓடி வந்து, கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டதோடு நிறுத்தியிருந்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வடிகட்டியை மாற்றிவிட்டார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டாள்.

இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. ஒன்பது வயதுப் பெண். நுரையீரல் தழும்பேறி, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகும் நோய். பேச ஆரம்பித்த நாளிலிருந்து வாய் ஓயாததால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர். அந்த வாயாடியின் தொண்டையில் இப்போது குழாய். ஒரு சொல் வெளியே வராது. எதுவானாலும் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாள். கழுத்திலிருந்து இன்னொரு குழாய், விரல் தடிமன். அது இரத்தத்தை வெளியே இழுத்து, எக்மோ என்கிற மெஷினுக்குள் விட்டு, பிராணவாயு ஏற்றி, திரும்ப உடம்புக்கே அனுப்புகிறது. மாற்று நுரையீரல் கிடைக்கும்வரை அவள் உயிர் அந்தப் பெட்டியின் தயவில்.

அப்பா பள்ளிச் சீருடை தைக்கிற தையல்காரர். அம்மா அதே கடையில் அளவு எழுதுகிறவள். இன்று மெஷினில் நாற்பத்தோராம் நாள்.

காலை எட்டரை மணிக்கு நடைப்பயிற்சி.

ஐ.சி.யூ.வில் நடைப்பயிற்சியா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். படுத்தே கிடந்தால் கால் சூம்பிவிடும். கால் சூம்பிய உடம்பு அத்தனை பெரிய அறுவை சிகிச்சையைத் தாங்காது. "நடக்கிற வரைக்கும்தான் லிஸ்ட்ல பேர் இருக்கும்" என்று பெரிய டாக்டர் முதல் வாரமே சொல்லிவிட்டார். அதிலும், வடிகட்டி மூன்றாவது தடவை மாற்றியாகிவிட்டது. இன்னும் எத்தனை நாள் இந்த மெஷின் அவளைத் தாங்கும் என்று கேட்டால், டாக்டர் மேஜையைப் பார்க்கிறார்.

ஆகவே தினமும் காலையில் ஒரு சின்ன ஊர்வலம். பிசியோ இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்வார். நர்ஸ் கழுத்துக் குழாயை இரண்டு கையாலும் தாங்கிக்கொள்வார். மெஷினைப் பார்த்துக்கொள்கிற ஆள் அதன் வண்டியைத் தள்ளுவார். எல்லோருக்கும் கடைசியில், சக்கர நாற்காலியை அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு முழ இடைவெளியில் தள்ளிக்கொண்டு தையல்காரர். அவள் எந்த நொடி தளர்ந்தாலும் நாற்காலி அங்கே இருக்க வேண்டும். நாற்பது நாளில் இந்த ஒரு வேலையைத்தான் அவரை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதை அவர் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற கவனத்தோடு செய்தார்.

"மேடம், இன்னைக்கு எதுவரைக்கும்?" என்றார் பிசியோ.

வாயாடி சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள். "ஒட்டகச்சிவிங்கி."

நடைக்கூடத்தின் கோடியில், சுவரில் வரைந்த ஒட்டகச்சிவிங்கி. உயரம் பார்ப்பதற்கு. இதுவரை அவள் கதவைத் தாண்டியதே இல்லை.

"ஓவரா ஆசைப்படக் கூடாது மேடம்."

அவள் சிலேட்டில் அடிக்கோடு போட்டுக் காட்டினாள். பிசியோ கையெடுத்துக் கும்பிட்டார்.

இருபத்தாறு அடி. நடுவில் இரண்டு தடவை நின்றாள். இரண்டு தடவையும் தையல்காரர் நாற்காலியை ஓர் அங்குலம் முன்னே தள்ளினார். இரண்டு தடவையும் அவள் திரும்பிப் பார்த்து முறைத்தாள். போய்ச் சேர்ந்ததும் தானாகவே திரும்பி, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, விறைப்பாக நின்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். மெஷின்காரர் விசிலே அடித்துவிட்டு, அது ஐ.சி.யூ. என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

நர்ஸ் ஒரு கையை விடுவித்து அவள் தலைமேல் தட்டையாக வைத்தார். "நூத்திப் பத்தொன்பது!" பிறகு கழுத்தைச் சாய்த்து, மெஷின் வண்டியில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். "இதுல நூத்தி இருபத்தேழுன்னு போட்டிருக்கே? இந்த ஒட்டகச்சிவிங்கிய வரைஞ்சவருக்குக் கணக்கு வராது போல."

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் சென்டிமீட்டர், மறு பக்கம் அங்குலம். மகளின் உச்சந்தலைக்கு நேராக அங்குலக் கோட்டில் நாற்பத்தேழு.

அவருக்குச் சிரிப்பு அப்படியே நின்றது.

அந்த அட்டையை அவர் நாற்பத்தொரு நாளாகப் பார்க்கிறார். நூற்று இருபத்தேழு என்பது அவருக்கு வெறும் எண். இருபது வருஷமாக அங்குலத்திலேயே குடித்தனம் நடத்துகிற மனுஷனுக்கு சென்டிமீட்டர் என்ன தெரியும்? இப்போது இரண்டும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால் கண் தானாக மேலே போனது. நூற்று இருபத்தேழுக்கு நேராக ஐம்பது.

ஐம்பது. அவர் வாயால் சொன்ன ஐம்பது.

மெஷினில் சேர்த்த நாள் நர்ஸ் ஒருத்தி அளவு நாடாவோடு வந்தாள். குழந்தை படுக்கையில் சுருண்டு கிடந்தாள். சுற்றி ஆறு பேர் குழாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதாவது செய்ய வேண்டும், எதுவும் செய்ய முடியவில்லை என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தவர் சட்டென்று முன்னே வந்து, "கொடும்மா, நான் எடுக்கறேன். இருபது வருஷமா எனக்கு இதுதான் வேலை" என்றார். தன் கழுத்திலிருந்த டேப்பையே எடுத்து, உச்சி முதல் குதிகால்வரை அளந்து, கணீரென்று சொன்னார். "அம்பது அங்குலம்." நர்ஸ் அதைச் சென்டிமீட்டராக மாற்றி எழுதிக்கொண்டு போனாள். மனைவியும் பக்கத்தில்தான் நின்றாள், குழந்தையின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு.

இப்போது ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சீருடைத் தையலில் இருக்கிற அளவை யாரும் தைப்பதில்லை. வளர்கிற பிள்ளை, ஒரு உடுப்பு இரண்டு வருஷம் வர வேண்டும். உயரம் எடுத்தால் மூன்று அங்குலம் சேர்த்துத்தான் சொல்வது. டேப் காட்டுவது ஓர் எண், வாய் சொல்வது இன்னோர் எண், நடுவில் யோசனையே கிடையாது. ஒரு நாளைக்கு நூறு பிள்ளைகளுக்கு அளவெடுக்கிற வாய் அது. தன் பிள்ளை சாகக் கிடக்கிறபோது மட்டும் மாறிப் பேசுமா?

பேசவில்லை.

ஊர்வலம் திரும்பியது. வாயாடி படுக்கைக்கு வந்ததும் தூங்கிப்போனாள். தையல்காரர் நாற்காலியை மடக்கி மூலையில் வைத்துவிட்டு அதன்மேலேயே கையை ஊன்றி நின்றார்.

அவர் நினைத்தது பதின்மூன்றாம் நாளை. பழைய வாசகர்களுக்கு அந்த நாள் மறந்திருக்காது. மாற்று உறுப்புப் பட்டியலைக் கவனிக்கிற அம்மாள், இவர்கள் வைத்த பெயர் லிஸ்ட் மேடம், அறைக்கு வந்து உட்கார்ந்து சொன்னார். "ஒண்ணு வந்துச்சு. ரத்தம் ஒத்துப் போகுது. ஆனா சின்னதுங்க. உங்க பொண்ணு உயரத்துக்குப் பத்தாது." அந்த நுரையீரல் எதிர் அறைக் குழந்தைக்குப் போனது. ஐந்து வயதுச் சின்னது. அன்று மனைவி அழவில்லை. இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அது நமக்குன்னு தச்சது இல்லங்க. விடுங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவர் அடுத்த இருபத்தெட்டு நாளை ஓட்டினார்.

உயரத்துக்குப் பத்தாது. எந்த உயரத்துக்கு?

"என்னங்க, முகமே சரியில்ல?" மனைவி வந்துவிட்டாள். கையில் துவைத்த துணி. "எவ்ளோ தூரம் நடந்தா?"

"ஒட்டகச்சிவிங்கி வரைக்கும்."

அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சந்தோஷம். அவர் என்ன சொல்வார் அப்போது?

சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். மணி ஒன்பதரைகூட ஆகவில்லை. எழுதுகிற எனக்கே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. ஆனால் அதே சமயத்தில் கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள்.

எதிர் அறை அம்மா. இடுப்பில் அந்தச் சின்னது, முகமூடி போட்டுக்கொண்டு. இன்று வீட்டுக்குப் போகிறார்களாம். சொல்லிக்கொண்டு போக வந்தார்களாம். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் இவர்கள் இருவரும் வெளியே போனார்கள்.

"உங்களுக்கும் சீக்கிரம் வந்துடும் அண்ணா" என்று அந்த அம்மா தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தினமும் நெனச்சுக்கறேன். எங்களுக்குக் கிடைச்ச மாதிரி உங்களுக்கும் கிடைக்கும்."

சின்னது அம்மாவின் தோளிலிருந்து கண்ணாடியில் ஊதியது. முகமூடியின் ஓரமாக வந்த மூச்சில் கண்ணாடி மங்கியது. அதில் விரலால் ஒரு கோடு போட்டுவிட்டு, இவரைப் பார்த்துச் சிரித்தது.

நல்ல மூச்சு. சீரான, நிறைவான மூச்சு. தையல்காரருக்கு அந்தக் குழந்தைமேல் ஒரு நொடி வந்த எண்ணத்தை நான் எழுத மாட்டேன். வந்தது, உடனே போய்விட்டது. போன பிறகு அவருக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

"நல்லா இரு பாப்பா" என்று தலையைத் தடவிய கையை உடனே எடுத்துக்கொண்டார். மனைவி அதைப் பார்த்தாள்.

"கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றார்.

"இப்பவா? என்ன அவசரம்?"

"ஒரு அளவு பார்க்கணும்."

அவள் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனாள்.

கடையில் காஜா போடுகிற அக்கா மட்டும் இருந்தாள். எழுந்து வந்து, "பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசிக்குத் திரும்பினாள். அவர் அளவு நோட்டை எடுத்தார். மனைவியின் குண்டு குண்டான கையெழுத்து. பள்ளி திறக்கிற சமயத்தில் எழுதியது, மூன்றாவது பக்கத்திலேயே இருந்தது. வாயாடி, ஐம்பது.

சுவர்தான் தப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு கடைசி ஆசை அவருக்கு. ஹேங்கரில் அவளுடைய சீருடை தொங்கியது. ஒரே ஒரு வாரம் போட்டது. அதை இறக்கி, கீழ் ஓரத்தைத் திருப்பி, உள்மடிப்பில் டேப்பை வைத்தார். மூன்று அங்குலம். பிரித்துவிட்டால் ஐம்பது, மடித்திருந்தால் நாற்பத்தேழு. அவரே மடித்தது, அவரே கைத்தையல் போட்டது. ஆசை தீர்ந்தது.

உடனே திரும்பியிருக்கலாம். பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒன்று. அவர் திரும்பவில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்து, இடதும் வலதுமாக வெட்டி வைத்திருந்த காலர்களை எடுத்துத் தைக்க ஆரம்பித்தார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கால் மிதிக்கிறது, துணி ஓடுகிறது, ஒரு காலர் முடிகிறது. அந்த நேரத்துக்கு அவர் எந்தப் பிள்ளைக்கும் அப்பா இல்லை. ஒரு காலர் முடியும்போதெல்லாம், இப்போது எழுந்துவிடலாம் என்று நினைப்பார். இன்னொன்றை எடுப்பார்.

மனைவியிடம் எப்படிச் சொல்வது? 'நமக்குன்னு தச்சது இல்ல' என்றவளிடம் போய், நமக்குத்தான் தச்சது, நான்தான் அளவை மாற்றிச் சொல்லி அனுப்பிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அட்டையை மட்டும் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிட முடியாதா என்றுகூட யோசித்தார். நர்ஸிடம் மெதுவாக, "சும்மா இன்னொரு தடவை அளந்துடுங்க சிஸ்டர்" என்று சொன்னால்? அளப்பார்கள். மாறும். ஏன் மாறியது என்று கேட்பார்கள். பெரிய எழுத்தில் மாட்டுவார்கள். அவள் படிப்பாள்.

பதினோரு காலர் தைத்த பிறகு காஜா அக்கா சொன்னாள். "அண்ணே, அது எல்லாம் வலது பக்கக் காலர்."

பார்த்தார். பதினொன்றும் வலது பக்கம்தான்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்போது மணி இரண்டேகால்.

மனைவி மாடிப்படித் திருப்பத்தில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். டப்பாவில் கொண்டுவந்த சாப்பாடு திறக்காமல் மடியில் இருந்தது. இவரைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"தூங்கறா. மத்தியானம் கொஞ்சம் ஆக்சிஜன் இறங்குச்சு. மெஷினைக் கூட்டி வெச்சிருக்காங்க."

"எவ்ளோ கூட்டினாங்க?"

"இதுக்கு மேல கொஞ்சம்தான் கூட்ட முடியுமாம்."

அவர் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும். கோபப்படாம கேளு. இல்ல, கோபப்படு. ஆனா கேளு."

"சொல்லுங்க."

"அன்னைக்கு நான் அம்பதுன்னு சொன்னேன்ல, உயரம். அது தப்பு. நாப்பத்தேழுதான். நம்ம கடை வழக்கமா சேத்து சொல்லிட்டேன். அந்த சின்ன நுரையீரல் அதனாலதான் போச்சு. நான்தான்..." மேலே வரவில்லை. "புள்ளைக்கு வந்த மூச்சை நானே தட்டிவிட்டுட்டேன்."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள், எழுந்து போய்விடுவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று எல்லாவற்றுக்கும் அவர் தயாராக இருந்தார். அவள் டப்பாவின் மூடியை ஒரு தடவை திறந்து மூடினாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நாப்பத்தேழுன்னு தெரியும். இருபது வருஷமா நீங்க சொல்றத எழுதறேன். நீங்க அம்பதுன்னா அது நாப்பத்தேழுதான். எனக்குத் தெரியாதா?"

அவருக்குப் புரியவில்லை. புரிந்தது. ஆனால் புரிந்துகொள்ள மனசு வரவில்லை.

"அப்ப அன்னைக்கே ஏன்..."

"வாயத் திறக்கத்தான் போனேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அப்பறம் நெனச்சேன், உயரத்துக்குத் தக்கத்தானே நுரையீரல் தருவாங்க, பெரிசாவே வரட்டுமேன்னு. வளர்ற புள்ள. சின்னதா வெச்சு, ரெண்டு வருஷத்துல அது பத்தாமப் போயிட்டா? மறுபடி புள்ளைய அறுக்கணும்னு சொன்னா? இன்னொரு தடவை என்னால தாங்க முடியாதுங்க. நாம எதுக்கு மூணு அங்குலம் சேக்கறோம்? கூட ரெண்டு வருஷம் வரட்டும்னுதானே? இதுவும் வரட்டும்னு நெனச்சேன்."

கீழே எங்கேயோ லிப்ட் கதவு திறந்து மூடியது.

"பதிமூணாம் நாள் அந்தம்மா வந்து சின்னதுன்னு சொன்னப்பதான் எனக்கு மண்டையில உறைச்சது. அப்பவும் சொல்லல. சொன்னா, தெரிஞ்சே பேசாம இருந்தவள்னு ஆயிடுவேனே. அடுத்தது பெரிசா வந்துடும், எல்லாம் சரியாயிடும்னு ஒவ்வொரு நாளா தள்ளினேன். உங்களுக்காவது தெரியாமப் பண்ணினது. நான் தெரிஞ்சு பண்ணினேன்."

"நமக்குன்னு தச்சது இல்லன்னு சொன்னியே."

"உங்களுக்கா சொன்னேன்? எனக்குச் சொல்லிக்கிட்டேன்."

இப்போதுதான் அழுதாள். சத்தம் போடாமல், டப்பாவை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடி ஆடி அழுதாள். தையல்காரர் அவள் தோளில் கை வைக்கப் போய், வைக்காமல் நிறுத்தி, பிறகு வைத்தார். அவருக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், நிறையவே வந்தது. அதைக் கொண்டுபோய் அவள்மேல் இறக்கினால் தன் பாரம் பாதி குறையும் என்றும் தெரிந்தது. ஆனால் அப்படிக் குறைத்துக்கொண்டு மகள் முகத்தில் எப்படி விழிப்பது? எழுந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"வா. அந்தம்மாகிட்டப் போலாம். ரெண்டு பேருமா சொல்லுவோம்."

லிஸ்ட் மேடத்தின் அறை இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் நுழைய முடியாத அறை. சுவர் முழுக்க பைல். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு, தையல்காரர் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். மனைவி சொன்னதையும் கேட்டார். இரண்டும் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிப் புருவத்தை அழுத்திக்கொண்டார்.

"நாங்களும் இன்னொரு தடவை அளந்திருக்கணும். அட்டையில இருந்ததை அப்படியே லிஸ்ட்ல ஏத்திட்டோம். அது எங்க தப்பு." பிறகு மனைவியைப் பார்த்தார். "பெரிசா வந்திருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமாம்மா? நெஞ்சுக்கூட்டுக்குள்ள அடங்காது. எக்ஸ்ரே பார்த்துக் கடைசி நிமிஷத்துல வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க."

"சின்னதா வெச்சா, அப்பறம் பத்தாமப் போயிடாதா மேடம்?"

"நுரையீரல் துணி இல்லம்மா. குழந்தைக்கு முழுசா வெச்சா, குழந்தையோட சேர்ந்து அதுவும் வளரும்."

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கக்கூடிய விஷயம். அவள் கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்று கேட்பார்களே என்று பயந்தாள்.

"அந்த பதிமூணாம் நாள் வந்தது," தையல்காரர் கேட்டார், "அது நம்ம புள்ளைக்குச் சரியா இருந்திருக்குமா?"

"பொருந்தியிருக்கலாம். பொருந்தியிருக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. நீங்களும் அதைப் பண்ணிக்காதீங்க." லிஸ்ட் மேடம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். எதையோ தட்டினார். தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"உங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சுது?"

"இன்னைக்குத்தான் மேடம். காலையில."

"எத்தனை மணிக்கு?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எத்தனை மணிக்குங்க?"

"எட்டே முக்கால்... ஒன்பது."

லிஸ்ட் மேடம் திரையைப் பார்த்தபடியே பேசினார். "பதினோரு மணிக்கு ஒண்ணு வந்துச்சு. ரத்தம் ஒத்துப்போற கேஸ். கொடுக்கிற குழந்தையோட உயரம் நூத்திப் பதினாறு. பதினொண்ணு இருபதுக்கு நான்தான் வேண்டாம்னு அனுப்பினேன். சின்னதுன்னு."

பதினொன்று இருபதுக்கு அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஐந்தாவது காலரோ ஆறாவது காலரோ.

அவர் பைல் அடுக்கின்மேல் சாய்ந்தார். மனைவிதான் பிடித்தாள். நாற்பத்தொரு நாளில் அவர் தன் எடையை இன்னொருவர்மேல் போட்டது அதுவே முதல் தடவை.

"இருங்க, இருங்க." லிஸ்ட் மேடம் ஏற்கெனவே போனை எடுத்துவிட்டார். "நாலு மணி நேரம் ஆகப் போகுது. வேற யாராவது எடுத்திருப்பாங்க. எடுத்தும் சில சமயம் திரும்பும். கேக்கறதுல தப்பில்ல. நீங்க கீழ போய் முதல்ல அந்த அளவை எடுங்க. ரெண்டு நர்ஸ் அளக்கணும், நீங்க கையெழுத்து போடணும். உயரம் சரியாகாம நான் என்ன கேட்டாலும் செல்லாது. ஓடுங்க!"

ஓடினார்கள்.

வாயாடி விழித்திருந்தாள். உதடு வெளுத்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, தலையணைக்குள் இன்னும் சின்னதாகத் தெரிந்தாள். ஒரு நர்ஸ் உச்சந்தலையில் நாடாவைப் பிடித்தார். இன்னொருவர் கழுத்துக் குழாய் அசையாமல் தாங்கிக்கொண்டார்.

"அப்பா, நீங்க காலைப் பிடிங்க. முட்டி மடங்கக் கூடாது" என்றார் முதல் நர்ஸ்.

அவர் போர்வையை விலக்கினார். எதற்காக அளக்கிறார்கள் என்று தெரியாவிட்டாலும், அளக்கிறார்கள் என்பது வாயாடிக்குப் புரிந்துவிட்டது. உடனே உடம்பை விறைத்து, நடனக்காரி மாதிரி கால்விரல்களைக் கீழே கூராக நீட்டினாள். இரண்டு அங்குலமாவது கூடியிருக்கும்.

"வேணாம்டா. நீட்டாத. பாதத்த நேரா வெச்சுக்கோ."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். சிலேட்டைத் தடவி எடுத்தாள். எழுதக் கை நடுங்கியது.

"குட்டையா காட்டும்."

"காட்டட்டும்டா கண்ணு. குட்டையாவே இரு. அப்பாவுக்கு அது போதும்."

சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் அவள் பாதங்களைப் பிடித்து, விரல்களை மெதுவாக மேலே மடக்கி, குதிகாலை நாடாவின்மேல் அழுத்தினார். பாதம் ஜில்லென்றிருந்தது. அவள் எதிர்த்துத் தள்ளிப் பார்த்தாள். தள்ளுகிற அளவுக்குக் காலில் பலமில்லை.

"நூத்திப் பத்தொன்பது" என்றார் நர்ஸ். மனைவி கையெழுத்துப் போட்டாள். இன்னொரு நர்ஸ் வண்டியிலிருந்த அட்டையை உருவி, பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதினார்.

வாயாடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய எண் போய்ச் சின்ன எண் வருவதைப் பார்த்தாள். சிலேட்டில் எழுதினாள்.

"நான் கொறஞ்சுட்டேனா?"

"இல்லடா. நீ கொறையல. அப்பாதான் மூணு அங்குலம் கூட்டிச் சொல்லிட்டேன்."

"ஏன்?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இருபது வருஷமாக ஆயிரம் அம்மாக்களிடம் சொன்ன பதில்தான்.

"நீ வளருவியேன்னுதான்டா."

வாயாடி மெஷினைப் பார்த்தாள். மெஷின் பெட்டிக்குள் அவளுடைய இரத்தம் ஒரு பக்கம் கறுப்பாகப் போய், மறு பக்கம் சிவப்பாக வந்துகொண்டிருந்தது. சிலேட்டை உள்ளங்கையால் துடைத்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். நடுவில் கை ஓய்ந்து, வயிற்றின்மேல் வைத்து, மறுபடி எடுத்து எழுதினாள். முடித்துவிட்டு அப்பாவைப் பார்த்து, காலையில் நாற்காலியை முன்னே தள்ளியபோது முறைத்த அதே முறைப்பு முறைத்தாள்.

"வளருவேன்ல. என்ன அவசரம்?"

அவர் படித்தார். படித்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே லிஸ்ட் மேடம் வந்து நின்றுகொண்டிருந்தார். போன் காதில்தான் இருந்தது. பதினோரு மணி நுரையீரல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டதற்கு, அந்தப் பக்கம் யாரோ அவரை லைனில் இருக்கச் சொல்லியிருந்தார்கள்.